மாதையன் அழிக்காத நகல்

எம்பத்தாறுல, மலை மேல நட்சத்திரத்தப் படம் புடிக்கிற ஆபீசுல மாதையனுக்கு தினக்கூலி வேல. ராத்திரி புடிச்ச படமெல்லாம் கம்ப்யூட்டர் டிஸ்க்குல சேரும். காலையில மிஷினே அத மொத்தமா நகல் எடுத்து இன்னொரு டிஸ்க்குல போட்டுக்கும். அதுல மூணு நகலுக்குத்தான் எடம். எடமில்லன்னு செகப்பு லைட்டு எரிஞ்சா, இருக்கறதுலயே பழச மாதையன் அழிக்கணும். ஒழுங்கா செஞ்சா வேல நிரந்தரம்னு இஞ்சினீயர் ராஜேந்திரன் சொல்லியிருந்தாரு.

மாசி கடைசியில ஒரு நாள், மொத டிஸ்க்குல இருந்த படமெல்லாம் கோடு கோடா கெட்டுக் கெடந்துச்சி. ராஜேந்திரன் நகல ஒவ்வொண்ணாத் தொறந்தாரு. மாதையன் கதவுக்கும் மேசைக்கும் நடந்துகினே இருந்தான்.

"யோவ், உக்காருய்யா. எனக்கு தல சுத்துது."

"இன்னா சார் ஆச்சி?"

"நேத்து நகலும் போச்சி, முந்தாநாளுதும் போச்சி. கெட்டத அப்படியே எடுத்து வெச்சிருக்கு. மிஷினுக்கு இன்னா தெரியும்? சரி, அதுக்கும் முந்துனது நல்லா இருக்கும்."

மாதையன் நடக்கறத நிறுத்துனான். மூணாவதத் தொறந்தா, தை பொறந்தப்ப எடுத்த மொத நகல்.

"இது இன்னாய்யா இங்க? இத எப்பவோ அழிச்சிருக்கணுமே?"

"அழிக்கல சார். அதுக்கு அடுத்ததத்தான் அழிச்சிகினு வந்தேன்."

"ஏன்யா?"

"எங்க வூட்ல தொம்பைக் குதிருல சாமை கொட்டி வெப்போம். எடம் பத்தலன்னாலும் அடியில கெடக்கறத வழிக்க மாட்டோம். அது வெத சார்."

"உன் வெதையால ரெண்டு மாசப் படம் போச்சிய்யா!"

எந்தப் பட்டனத் தட்டணும்னு சொல்லிக் குடுத்தாங்க. எதுக்கு மூணு வெக்கிறோம்னு ஒருத்தரும் சொல்லல. கூலிக்காரனுக்குக் காரணம் எதுக்குன்னு வுட்டுட்டாங்க.

ராஜேந்திரன் பேனாவ எட்த்தாரு. "மேல கேப்பாங்க. இன்னான்னு எழுத?"

"நடந்தத எழுதுங்க."

"எழுதுனா நிரந்தரம் ஆவாதுய்யா."

மாதையன் மறுபடி கதவு வரிக்கும் போய்த் திரும்புனான். "தெரியுது சார். எதுக்கு மூணுன்னு நீங்க சொல்லலன்றதயும் சேத்து எழுதுங்க."

ராஜேந்திரன் மொறச்சிப் பாத்தாரு. அப்புறம் ரெண்டயும் எழுதுனாரு.

செகப்பு லைட்டு எரிஞ்சிகினே இருந்துச்சி. மாதையன் பட்டன் மேல வெரல வெச்சான், அழுத்தல. "இப்ப எத சார் அழிக்கிறது?"

"கெட்டது ரெண்டயும் அழி. பழசத் தொடாத. நல்லதுன்னு மிஞ்சனது அது ஒண்ணுதான்."

நிரந்தர ஆர்டர் அந்த வருசம் வரல.