எங்கள் தெருச் சீட்டு ஒட்டிய குழாய்

குழாயைத் தூக்கிப் பார்த்தால் கொசுக்கள் அடியில் செத்துக் கிடந்தன. இரண்டு மூன்றுதான் பறந்தன. டி.டி.டி. மருந்து தடவிய தாளுக்குள் ஒரு மணி நேரம் வைத்து, மறுநாள் எண்ணுகிற டெஸ்ட் அது. சூப்பர்வைசர் சாருக்குச் சந்தோஷம்.

"டவுன் கொசுக்கு மருந்து நல்லா கேக்குது. ஹார்பர் பக்கத் தெருவுக்கு அடுத்த ரவுண்டும் டி.டி.டி.யே அடிக்கச் சொல்லி எழுதிருதேன்" என்றார்.

அது எங்கள் தெரு. அங்கே டி.டி.டி. அடித்துப் போன பிறகுதான் என் அண்ணன் மலேரியா காய்ச்சலில் செத்தான். சங்கு குளிக்கிறவன். கடலில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மலேரியா யூனிட்டில் இன்செக்ட் கலெக்டர். விடிந்ததும் வீடு, தொழுவம் என்று போய், டார்ச் அடித்து, கொசுவைக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து, இடத்தை எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். ஸ்டீபன்ஸி என்கிற மலேரியா கொசு எங்கே பிடித்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சேர்ந்த அன்றே சார் சொல்லியிருந்தார்.

"எல்லாம் ஸ்டீபன்ஸிதாம்லே. ஆனா ஊருக்கு ஊரு வம்சம் வேற. ஒண்ணு மருந்துக்குச் சாவும், ஒண்ணு சாவாது. கலந்துராத."

மாதாமாதம் பிடிக்கிற வீடுகளில் எங்கள் வீடும் உண்டு. அண்ணன் படுத்திருந்த அறைக்குள், அவன் போன பிறகு, அந்த மாதம் என்னால் போக முடியவில்லை. வாசலோடு திரும்பிவிட்டேன். முந்தின நாள் கீழவைப்பார் கிராமத்தில் ஒரு தொழுவத்தில் நிறையக் கிடைத்திருந்தது. "பால் கறக்க நேரத்துல வந்து கொசு கறக்கியளோ" என்று மாட்டுக்காரி கேலி செய்தாள். அதில் பாதியை எங்கள் தெருச் சீட்டு ஒட்டிய குழாயில் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

முட்டை காட்டிக்கொடுத்தது. டெஸ்டுக்குப் போகாத கொசுக்களைக் கிண்ணத்துத் தண்ணீரில் முட்டையிட விட்டிருந்தோம். முட்டைக்கு இரு பக்கமும் மிதவை உண்டு. அதில் வரி வரியாக இருக்கும். டவுன் கொசு முட்டையில் வரி அதிகம், நாட்டுப்புறத்துக் கொசுவில் குறைவு. சார் மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். வரி குறைவாக வர, திரும்பவும் எண்ணினார்.

"ஏலே, இத எங்கன பிடிச்ச?"

"கீழவைப்பாரு சார்."

"சீட்டுல உன் வீட்டு நம்பர்லா இருக்கு."

"உள்ள போவ முடியல சார். அண்ணன் படுத்திருந்த ரூமு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எழுதுனது போயிருந்தா உன் தெருவுக்கு அதே மருந்துதான வரும்? தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?"

எழுதியதைக் கிழித்துப் போட்டார். "நாளைக்குப் போய்ப் பிடி. முடியாதுன்னா சொல்லு, நான் போறேன்."

நானே போனேன். அண்ணனின் நீலச் சட்டை ஆணியில் தொங்கியது.

"அத மட்டும் தொடாதல" என்றாள் அம்மா.

"அதுக்குப் பின்னாலதாம்மா கொசு இருக்கும்."

அம்மாவே கிட்டே வந்து சட்டையை ஓரமாக விலக்கினாள். "பிடி" என்றாள். பன்னிரண்டு கிடைத்தது. மீதியை அடுத்த வீடுகளில் பிடித்தேன்.

இந்தத் தடவை டெஸ்டுக்கு மறுநாள் பார்த்தபோது முக்கால்வாசி பறந்துகொண்டிருந்தது. தெருவுக்கு டி.டி.டி.க்குப் பதில் மாலத்தியான் மருந்து வந்தது. நாற்றம் தாங்கவில்லை என்று தெருவே ஏசியது. அம்மா ஏசவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போக முடியாத வீடு என்று ஒன்று எல்லாருக்கும் வரும். அன்றைக்குச் சீட்டில் 'பிடிக்கவில்லை' என்று எழுதுங்கள். வெறும் குழாயைக் கொடுத்தால் கொஞ்சம் திட்டுவார்கள், அவ்வளவுதான். எங்கள் தெருச் சீட்டு ஒட்டிய குழாயில் கொசுக்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்தபோது, வேறு ஊர்க் கொசுவைப் போட்ட எனக்கே ஒரு நிமிஷம் அங்கே மருந்து வேலை செய்கிறது என்று தோன்றிவிட்டது.