தாங்கியில் நான் நிரப்பிய தண்ணீர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. என்றாலும் இந்த லண்டனில் எந்தக் கந்தோரிலும் நான் கைநாட்டு வைத்ததில்லை. கவுன்சில் கடதாசியோ பென்ஷன் கடதாசியோ, என் பெயரை நானே எழுதுவேன். ஒரு வீட்டில் ஒரு நேரம் சாப்பிட்டால் அடுத்த கிழமை அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே ஐந்தையும் ஆளாக்கினேன்.

அதனால்தான் இதை வாயால் சொல்ல மூன்று வருடமாக முடியவில்லை. என்னால் ஒரு நல்ல மனிதர் பொய்யர் ஆனார். இன்றுவரை அவர் பொய்யராகத்தான் இருக்கிறார். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள்தான் புத்தகத் தமிழாக மாற்றுகிறாள்.

வருடா வருடம் ஆடியில் எங்கள் பங்குக் கோவில் ஆட்களோடு மாதா கோவிலுக்குப் போவோம். லண்டனிலிருந்து நாலு மணித்தியாலம். கோச் பஸ்ஸில் போய் வந்த எனக்கு ஒரு கட்டத்தில் முழங்கால் ஏலாமல் போய்விட்டது. அங்கே கழிப்பறைக்கு வரிசையில் நிற்கவும் முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு என் நடு மகன் ஒரு யோசனை செய்தான். அவனிடம் பின்பக்கம் திறந்த ஒரு பிக்கப் வாகனம் இருந்தது. அந்தத் திறந்த இடத்தில் ஏற்றி வைக்கிற காம்பர் என்று ஒரு பெட்டி வீடு இருக்கிறதாம். படுக்கை, அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. எனக்காகத்தான் தேடினான்.

எங்கள் பங்கிலேயே ஒருவரிடம் அது இருந்தது. மன்னார் பக்கத்து மனிதர், மனைவியை இழந்தவர். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர். அந்தப் பெட்டியில் அவரும் மனைவியும் ஊர் ஊராகப் போனவர்கள். தனியே போக மனமில்லை என்று விற்றார். மகனோடு நானும் பார்க்கப் போனேன். ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. தண்ணீர்த் தாங்கியின் அளவு காட்டும் விளக்குப் பழுது என்று கேட்காமலே சொன்னார். நிறையைக் கேட்டதற்கு, “அறுநூற்றி நாப்பது கிலோ, தம்பி. தண்ணி இல்லாமல். நானே தராசிலை ஏத்திப் பார்த்தனான்” என்றார்.

மகனுக்கு விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றுகிற வேலை. நிறை என்றால் அவனுக்கு விளையாட்டில்லை. பிக்கப்பின் கதவை அடுத்து ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து, அது எவ்வளவு சுமக்கலாம் என்று ஒரு கொப்பியில் எழுதினான். அதற்குக் கீழே காம்பருக்கு அவர் சொன்ன நிறையை எழுதினான். காஸ் சிலிண்டர், பற்றரி, சட்டி பானை என்று மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினான். பிறகு ஆட்கள். மருமகள் சொன்னாள், பிள்ளைகள் சொன்னார்கள். என்னிடம் வந்தபோது, பொம்பிளைகளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிந்து விழுந்தேன்.

“பிளேன் எழும்போணுமெண்டால் உண்மையைச் சொல்லுங்கோ, அம்மா” என்று சிரித்தான்.

மருந்துக்கடைத் தராசில் ஏறிப் பார்த்து எழுபத்தொன்று என்று சொன்னேன். ஆளுக்குப் பத்துக் கிலோப் பை. தாங்கியில் தண்ணீர் எடுப்பதில்லை, போய் இறங்கியபின் அங்கே நிரப்பலாம். எல்லாம் கூட்டியபின் நாற்பத்தேழு கிலோ மிச்சம் என்று சொல்லிக் கொப்பியை மூடினான். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் மகன் வேலைக்குப் போயிருந்தான், மருமகள் கடைக்குப் போயிருந்தாள். கோவில் திடலில் யாராவது தட்டோடு வந்தால் இல்லை என்று சொல்லக் கூடாதே என்று இருபது கிலோ அரிசி மூட்டையைப் பிரித்தேன். முழுதாகத் தூக்க ஏலாது. தலையணை உறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, நாலைந்து தரம் ஏறி இறங்கி, இருக்கைக்குக் கீழே வைத்தேன். பிறகு தண்ணீர். கழிப்பறை இருந்து என்ன, கழுவத் தண்ணீர் இல்லாவிட்டால்? கடதாசியால் துடைத்துவிட்டு மாதாவின் முன்னால் போய் நிற்க என் உடம்பு ஒத்துக்கொள்ளாது. வழியில் தேவை வந்தால் என்ன செய்வது? பெற்ற மகனிடம் இதைப் போய்ச் சொல்லவும் வெட்கம். தோட்டத்து ஹோஸ் பைப்பை இழுத்து வந்து, பக்கத்து மூடியைத் திறந்து, தண்ணீர் வழியும் வரைக்கும் நிரப்பினேன். எழுபது லீற்றர் பிடிக்குமாம். அப்போது எனக்கு அது தெரியாது.

விடிந்ததும் எல்லோரும் ஏறிப் புறப்பட்டோம். மகன் நேரே பெருந்தெருவில் ஏறவில்லை. டாகன்ஹம் பக்கம் லொறிகளை நிறுக்கிற ஒரு தராசு நிலத்தோடு நிலமாக இருக்கிறது. அதன்மேல் வாகனத்தை ஏற்றி நிறுத்தினான். நிறை எழுதிய துண்டைக் கையில் வாங்கி இரண்டு தரம் பார்த்தான். அளவுக்கு மேலே நாற்பத்துமூன்று கிலோ.

கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தான். நான் பின் இருக்கையில், இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருந்தேன். காஸ் சரி. பைகள் சரி. “தண்ணி, பூச்சியம்” என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாளி தண்ணீரின் கனம் தெரியாத கையா இது?

“வேறை ஒண்டும் ஏத்தேல்லையே?” என்று திரும்பிக் கேட்டான். மருமகள் இல்லை என்றாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

“நான் என்னத்தை ஏத்த?” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். அரிசி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். தண்ணீர் என்றால் ஏன் என்று கேட்பான், மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். ஒரு நிமிட வெட்கத்துக்குப் பயந்து மூன்று வருட வெட்கத்தை வாங்கிக்கொண்டேன்.

அவன் வாகனத்தை வீட்டுக்குத் திருப்பினான். காம்பரின் நிறையை அந்த மனிதர் குறைத்துச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டினான். அன்று பின்னேரம் அவன் படுத்திருந்த நேரம் பார்த்துத் தாங்கியின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வாசலால் ஓடித் தெருவுக்குப் போனது. பேத்தி வந்து ஏன் தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டாள். கழுவுகிறேன் என்றேன். அரிசியையும் பழையபடி மூட்டையில் கொட்டினேன். தெரியாமல் செய்தது முதல் நாள். இது தெரிந்தே செய்தது.

அடுத்த ஞாயிறு காம்பரைத் திருப்பிக் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

“அண்ணை, கோவில்லை வாசகம் வாசிக்கிற வாயாலை இப்பிடிச் சொல்லலாமே?” என்று கேட்டான் என் மகன்.

அந்த மனிதர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நான் பொய் சொல்லேல்லை, தம்பி. பரவாயில்லை, இறக்கிப்போட்டுப் போம்” என்றார். காசையும் திருப்பித் தந்தார். திரும்பி வரும் வழியில் மகன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். உங்களை வசதியாகக் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன், இப்படி ஆகிவிட்டது என்றான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கதை பங்கு முழுக்கப் பரவியது. எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்தக் காம்பரை வாங்கவில்லை. இன்றும் அது அவர் வீட்டு வாசலில் பாசி பிடித்து நிற்கிறது. அடுத்த தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்க வேறொருவர் எழும்பினார். அவர் பின் வரிசைக்குப் போய்விட்டார். அது ஒரு பகிடியாகவும் போனது: தமிழ்க் கடையில் யாராவது நிறை கேட்டால் “அவரின்ரை தராசிலையோ?” என்பார்கள். நானும் ஒருநாள் அதற்குச் சேர்ந்து சிரித்தேன். அதையும் எழுது, பிள்ளை.

போன கிழமை கோவில் படியில் என் கால் தடுக்கியது. கையைப் பிடித்து இறக்கிவிட்டவர் அவர்தான். “மெல்ல, அக்கா. முழங்கால் இப்ப எப்பிடி?” என்று கேட்டார். கோவிலில் மகனோடு அவர் பேசுவதில்லை. என்னோடு மட்டும் குறைவில்லாமல் பேசுகிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

அவர் சொன்ன அறுநூற்று நாற்பது சரி. மகனின் கணக்கும் சரி. கூடினது நான் ஏற்றிய தண்ணீரும் அரிசியும். இதை முதலில் மகன் கேட்க வேண்டும். பிறகு அந்த மனிதரின் வீட்டுக்கு நீ எழுதுகிற இந்தக் கொப்பியோடு நானே போவேன். அடியில் என் பெயரை நான்தான் எழுதுவேன், பேனையை என்னிடம் தா.

இப்ப முதலிலிருந்து ஒருக்கால் வாசி, பிள்ளை. உன் அப்பா கீழேதான் நிற்கிறார். கதவைத் திறந்துவிட்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி வாசி.