காய் விட்ட ஒன்பது நாள்

பழுத்த பப்பாளியைப் பிளந்ததும் வருகிற அந்தச் சற்றே குமட்டும் இனிப்பு வாடை, எங்கள் வீட்டில் எப்போதும் கருவாட்டு வாடையோடு கலந்தே வரும். எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் வளர்ந்த எனக்கு இன்றுவரை ஒன்றில்லாமல் மற்றொன்று மூக்கில் ஏறுவதில்லை. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர், அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. அடுக்களைத் தண்ணீர் பாய்கிற மூலையில் நின்ற ஒற்றைப் பப்பாளி மரம் உப்புக்காற்றைச் சட்டை செய்யாமல் காய்த்துத் தள்ளியது. பழத்தில் பாதிக்குமேல் என் அக்கா ரோஸ்லின் வயிற்றுக்குத்தான் போனது.

தின்று தின்று அவளுடைய உள்ளங்கையும் விரல்களும் மஞ்சளாகிவிட்டன. காமாலை என்று பயந்துபோய் அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கம்பவுண்டர் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதிய. பப்பாளியில உள்ள சாயம் தோல்ல ஏறியிருக்கு, அவ்வளவுதான். கண்ணு வெள்ளையாத்தான இருக்கு? கண்ணும் மஞ்சளாச்சுன்னாதான் காமாலை, அன்னைக்குத் தூக்கிட்டு வாங்க."

அம்மாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அன்று முதல் அக்காவுக்குத் தெருவில் "பப்பாளி" என்றே பெயர். பழத்தின் பச்சை கரையும்போது வெளியே தெரிகிற அந்தச் சாயத்துக்குக் கரோட்டின் என்று பெயர் என்பதைப் பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வியை எழுதாமல் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த கோடையில் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. தேர்த் திருவிழாவுக்கென்று நான் எடுத்து வைத்திருந்த ரிப்பனை அவள் கட்டிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டாள். நான் "காய்" விட்டேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சண்டைக்குப் பெயர் "காய்", சமாதானத்துக்குப் பெயர் "பழம்". ஒருத்தி இரண்டு விரலைச் சேர்த்து நீட்ட, மற்றவள் அதைத் தொட்டுவிட்டால் பழம், பேச்சு தொடங்கிவிடும். ஒன்பது நாள் நான் தொடவில்லை. ஒரே பாயில் அவளுக்கு முதுகைக் காட்டியே படுத்தேன்.

அந்த நாட்களில்தான் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை, எந்நேரமும் சுருண்டு கிடந்தாள். "பிள்ள மஞ்சளடிச்சுக் கெடக்காளே" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "அது பப்பாளிச் சாயம்லா" என்றாள் அம்மா. உப்பளத்து வெயிலில் நாளெல்லாம் நின்று வருகிறவளுக்கு, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

பத்தாம் நாள், ராமேஸ்வரம் பக்கம் சங்குக்குப் போயிருந்த அப்பா வந்தார். "ஏளா, பிள்ள கண்ணப் பாத்தியா?" என்று அம்மாவிடம் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் அக்காவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா உயிரோடு திரும்பவில்லை. மரத்தை அப்பா வெட்டிப் போட்டார்.

இன்று அந்த வீடும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. தெருவில் "காய்", "பழம்" விடுகிற பிள்ளைகளையும் காணோம். பழக்கடை அண்ணாச்சி மட்டும், "பப்பாளி கண்ணுக்கு நல்லதும்மா" என்று சொல்கிறார். நான் வாங்குவதில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அக்கா பாயில் கிடந்தபடியே இரண்டு விரலை நீட்டிப் "பழம்" கேட்டாள். விரலைப் பார்த்தேன். எப்போதும்போல மஞ்சளாகத்தான் இருந்தது. முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.