துரைசாணி வீட்டுப் பிள்ளை

என் அம்மாவை என்னிடமிருந்து பறித்தது ஒரு வெள்ளைக்காரப் பொடியன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பம்பாய்த் தாராவியில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அம்மா மாட்டுங்காவில், ரயில்வே பட்டறை துரை ஒருவரின் பங்களாவில் ஆயா. அந்தத் துரை கல்யாணத்துக்கு முன்பே பிழைக்கக் கப்பலேறி வந்தவர். துரைசாணி பின்னால் வந்தாள். வந்த இடத்தில் முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, சிவ்ரி கல்லறையில் புதைத்தார்கள். அடுத்துப் பிறந்தவனைத் தூக்கவே அவளுக்குப் பயம். பிறந்த அன்றே அம்மா கையில் கொடுத்துவிட்டாள்.

அம்மா இருட்டின பிறகுதான் வீடு திரும்புவாள். வந்தாலும் அவன் பேச்சுதான். "இன்னிக்குக் கரண்டியத் தட்டி விட்டுட்டாம்ட்டி! என் கையால ரசஞ்சோறுதான் வேணுமாம் தொரைக்கு!" அப்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே, அப்படி ஒரு பூரிப்பு. அந்தக் கை எனக்கு ஊட்டி எவ்வளவு காலமாச்சு?

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானே வளரும்ட்டி" என்று பக்கத்து வீட்டு அக்கா ஆறுதல் சொல்லுவாள். தானேதான் வளர்ந்தேன். அதுதானே என் கோபமே!

அவனுக்கு நாலைந்து வயது இருக்கும்போது அம்மை போட்டது. துரைசாணி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். வேப்பிலை பரப்பி அவனைப் படுக்க வைத்தாள். டாக்டர் முணுமுணுத்தாராம், துரை கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரம் பார்த்து நான் பெரிய மனுஷி ஆனேன்.

அத்தை ஓலைத் தட்டியால் மறைத்து என்னை மூலையில் உட்கார வைத்தாள். பயமாக இருந்தது. அம்மா வேண்டும் என்று அழுதேன். அப்பா மாட்டுங்காவுக்கு ஓடினார். எனக்கு நிச்சயம், சேதி கேட்டதும் அவள் போட்டது போட்டபடி வந்துவிடுவாள் என்று.

அப்பா தனியாக வந்தார். அத்தையிடம் அவர் சொன்னதெல்லாம் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அம்மா பங்களா கேட் வரை வந்தாளாம். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தீட்டு வீட்டுக்கு வந்துவிட்டு அம்மை போட்ட வீட்டுக்குத் திரும்பக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்றாளாம்.

"உன் பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்று அப்பா சத்தம் போட்டிருக்கிறார்.

"அவளுக்கு அத்த இருக்கா. இவனுக்கு யாரு இருக்கா?"

கேட்டீர்களா நியாயத்தை! அப்போ நான் யார், தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா? அத்தை கொண்டுவந்த உளுந்தங்களியைத் தள்ளிவிட்டேன். எனக்கு அத்தை தண்ணீர் ஊற்றினாள். அங்கே அவனுக்கு என் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் வீடு வந்தாள். வந்து என் கன்னத்தைத் தடவினாள். கையெல்லாம் வேப்பிலை வாசம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்ததும் அவர்கள் சீமைக்குக் கப்பலேறினார்கள். அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சனியன் ஒழிந்தது என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்தது. அம்மாதான் பிரசவம் பார்த்தாள், தினமும் தன் கால்களை நீட்டி அதில் போட்டுக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பாள். இனிமேலாவது அவள் முழுசாக எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தேய்த்துக்கொண்டே சொல்கிறாள்: "அவன் இந்த வயசுல குப்புற விழுந்துட்டான். இவன் கொஞ்சம் சோம்பேறி."

எவன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நான் எப்பம்மா குப்புற விழுந்தேன்? சொல்லு பாப்போம்."

அம்மாவின் கை நின்றது. குழந்தை காலை உதைத்தது. எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"அதெல்லாம் யாருக்குட்டி நெனப்பிருக்கு" என்றாள்.