சிகாமட்டில் நின்ற ரயில்

அங்கம்மா மலாயாவில் பெக்கோக் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தவள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. இவள் தவழும் வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பேச்சியம்மாள் பால்மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பால் இறக்கி வளர்த்தாள். பதின்மூன்று வயதில் அங்கம்மாவுக்கும் ஒரு கத்தியும் வாளியும் கிடைத்தன. பத்தொன்பதில் அம்மாவும் போனாள்.

அதன் பிறகு அவள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டது மூன்று நாள்தான். நான்காம் நாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வந்து அடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு ஆளுக்கு எதுக்குடி ஒரு அடுப்பு?" என்று அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெள்ளையம்மாவும் அங்கம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஒரே ஆயாக் கொட்டகையில் கிடந்து வளர்ந்தவர்கள். வெள்ளையம்மாவுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. அவள் கணவன் சதாசிவம் அதிகம் பேசாதவன். வீட்டில் சாப்பிட ஓர் ஆள் கூடியதைப் பற்றி அவன் சொன்ன ஒரே வார்த்தை, "ஒறப்பு கொஞ்சம் கூடப் போடு, அங்கம்மாவுக்குப் பிடிக்கும்" என்பதுதான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சேர்ந்தே போவார்கள். அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டுவார்கள். ஒருத்தி பால் வடியும் மங்குகளைத் துடைத்து முடிக்கப் பிந்தினால் மற்றவள் வந்து பாதி நிரையைத் துடைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்த கையோடு பெக்கோக் கடைத்தெருவுக்கு நடப்பார்கள். வாங்குவதற்கு என்று ஒன்றும் இருக்காது. ஸ்டேஷன் வேலி ஓரம் நின்று, சிங்கப்பூர்ப் பக்கம் போகிற ரயிலில் யார் யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு திரும்புவார்கள்.

அப்புறம் கித்தாவின் விலை விழுந்தது. முதலில் வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லை என்றார்கள். பிறகு பாதித் தோட்டத்தில் வெட்ட வேண்டாம் என்றார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கும்போது, முப்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்போவதாகத் துரை சொல்லிவிட்டார். ஆபீஸ் வாசலில் மேசை போட்டுத் தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் எழுதினார்.

"சொந்த ஊரு எது?"

"இதுதாங்க" என்றாள் அங்கம்மா.

"இதுன்னா?"

"பெக்கோக்."

கிராணி நிமிர்ந்து பார்த்தார். "இந்தியாவுல எந்த ஊருன்னு கேக்குறேன்."

"அது அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா செத்துப்போச்சுங்க."

பின்னால் நின்ற வெள்ளையம்மா குறுக்கே பேசினாள். "முசிறின்னு போட்டுக்குங்கய்யா. எங்க வீட்டுக்காரவுக ஊரு அதுதான். எங்ககூடத்தான் வருது."

கிராணி முசிறி என்று எழுதிக்கொண்டார்.

ரயில் பெக்கோக்கில் புறப்படும்போதே மழை. லாபிஸ் தாண்டியும் விடவில்லை. சிகாமட் ஸ்டேஷனில் நின்ற ரயில் பிறகு நகரவே இல்லை. ஆறு கரையுடைத்துவிட்டது, வடக்கே தண்டவாளம் தண்ணீருக்குள் கிடக்கிறது, பாலத்தின் நிலைமை தெரியவில்லை என்றார்கள். தோட்டத்து ஆட்கள் தொண்ணூற்று நான்கு பேரையும் சாமான் கொட்டகையில் இறக்கினார்கள். மறுநாள் காலை கொட்டகைக்குள்ளும் தண்ணீர் வந்தது. மேட்டுத் தெருவில் ஒரு கடைவரிசை இருந்தது. அதன் மாடிகளில் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கம்மாவும் வெள்ளையம்மாவும் ஏறிய மாடி, சாதிக் பாட்சா என்பவருடைய சாப்பாட்டுக் கடையின் மாடி.

கூட வந்திருந்த கிராணி, வெள்ளம் வடிகிறவரை இந்தக் கூட்டத்துக்குச் சோறு போட முடியுமா என்று சாதிக் பாட்சாவைக் கேட்டார். அவர் யோசிக்காமல் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், கடைச் சமையற்காரர் மூவாருக்குப் போனவர் திரும்பவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. பின்கட்டில் அவர் மனைவி ரம்ஜான் பீவி மூன்று மூட்டை அரிசிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். குழந்தைக்குச் சுடுதண்ணீர் கேட்டுக் கீழே வந்த அங்கம்மா அதைப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்கும்மா?"

"தொண்ணூறுக்கு மேலங்கறாக. நான் ஒம்போது பேருக்கு மேல சோறு வடிச்சதில்ல."

அங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மூன்று வருடம் அண்டாப் பக்கம் நின்றவள் அவள். பால் டின் ஒன்றை எடுத்து, மூன்று பேருக்கு இரண்டு டின் அரிசி என்று கணக்குச் சொல்லி, உலை வைக்க வேண்டிய தண்ணீரைக் காட்டி, விறகை எப்படி அடுக்கினால் நனைந்த கட்டையும் பற்றும் என்று செய்தும் காட்டிவிட்டாள். மத்தியானத்துக்குள் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் மாடிகளுக்கு ஏறின.

ஒரு சிக்கல் வந்தது. ராஜம்மா என்ற பெரியவள், பாய் வீட்டு அண்டாவில் மாட்டுக்கறி பட்டிருக்கும், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கையை இழுத்துக்கொண்டார்கள். செய்தி பின்கட்டுக்குப் போனது. ரம்ஜான் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாடிக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, அந்த அண்டா எம்மவன் சுன்னத்துக்குன்னு புதுசா வாங்கினது. சுன்னத்து இன்னும் வைக்கல. அதுல முதமுதல்ல வெந்தது நீங்க திங்கப்போற சோறுதான்."

ராஜம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளம் பதினொரு நாள் அவர்களை அங்கே பிடித்து வைத்தது. அந்தப் பதினொரு நாளையும் பற்றி அங்கம்மா பிற்காலத்தில் சொல்லும்போது, கஷ்டத்தைப் பற்றிப் பேசமாட்டாள். எதிர்க்கடைச் சீனர் தன் கடையிலிருந்த கருவாட்டை எல்லாம் கூடையோடு தூக்கிக் கொடுத்ததைச் சொல்வாள். மரவள்ளிக்கிழங்கைப் படகில் கொண்டுவந்து இறக்கிய மலாய்க்காரர், விலை கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டுத் துடுப்பைப் போட்டுப் போனதைச் சொல்வாள். "அவரு பேரு கேக்காம விட்டுட்டேன்" என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வாள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அங்கம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பீவி கேட்டாள்.

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல பீவிம்மா."

"அப்ப எதுக்குப் போறே?"

அங்கம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "பேரு எழுதிட்டாங்க" என்றாள்.

பீவி சுளகை மடியில் வைத்தாள். "என்னை நிக்காஹ் முடிச்சுத் தொண்டியிலேருந்து இங்க கொண்டாந்தாக. நல்ல மனுசர்தான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா வந்த புதுசுல ஆறு மாசம் அழுதேன். பேச ஒரு பொம்பளை கெடையாது. எனக்காவது புருசன் இருந்தாக. நீ யாரை நம்பிக் கப்பல் ஏறுறே?"

"வெள்ளையம்மா இருக்கு."

"அவளே அங்க மச்சான் மாருக வீட்டுல ஒண்டப் போறவ" என்றாள் பீவி. பிறகு சுளகை மறுபடி கையில் எடுத்து, "நீ இங்க இருந்தேன்னா எனக்கு நல்லாருக்கும்" என்று அரிசியைப் பார்த்தபடி சொன்னாள்.

அங்கம்மா இதை வெள்ளையம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. தாய் போன வீட்டுக்குள் வந்து பானையைத் தூக்கிப்போனவளைத் தனியாக அனுப்பிவிட்டு, தான் மட்டும் இங்கே நின்றுவிடுவதா? அந்த நினைப்பே அவளுக்குத் துரோகமாகப் பட்டது. ஆனால் வெள்ளையம்மாவிடம் எதையும் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. தண்ணீர் வடிந்து, எல்லோரும் கடைவாசலில் படிந்த சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலையில், வெள்ளையம்மா தேங்காய் மட்டையை நிறுத்தினாள்.

"நாலு நாளா எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறே. என்னடி?"

அங்கம்மா சேற்றை இன்னும் வேகமாக வழித்தாள்.

"பீவிம்மா எங்கிட்டயும் கேட்டுச்சு" என்றாள் வெள்ளையம்மா. "ஒன்னைய விட்டுட்டுப் போறியான்னு."

"நீ என்ன சொன்னே?"

"அவ என்ன என் வீட்டு ஆடா, விட்டுட்டுப் போறதுக்கும் புடிச்சிட்டுப் போறதுக்கும்னு கேட்டேன்." வெள்ளையம்மா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. "அங்கம்மா, இவரு ஊருன்னு நான் போறேன். எனக்கு வேற வழி இல்ல. அங்க எப்பிடி வச்சிக்குவாங்கன்னு எனக்கே தெரியல. ஒன்னையும் இழுத்துட்டுப் போயி, யாராச்சும் ஒருநாளு ஒன்னைய ஒரு சொல்லு சொல்லிட்டா நான் என்னடி செய்வேன்? நீ இங்கயே இரு. நீ நல்லாருக்கேன்னு நெனச்சாலே எனக்குப் பாதி தெம்பு."

இருவரும் அழுதார்கள். அழுதுகொண்டே மீதிச் சேற்றையும் தள்ளினார்கள்.

ஆனால் பேர் எழுதப்பட்டிருந்தது. பொறுப்பேற்க ஆள் இல்லாமல் ஒரு பெண்ணை நடுவழியில் இறக்கிவிட்டுப் போக முடியாது என்றார் கிராணி. வேலை கொடுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். சாதிக் பாட்சா தயங்கினார். அவருக்கு அங்கம்மாவின் கைப்பக்குவத்தில் சந்தேகமில்லை.

"கல்யாணமாகாத பொண்ணு. நாம துலுக்க வீடு. நாளைக்கு ஊரு ஒண்ணு சொன்னா, அது இந்தப் பொண்ணுக்குத்தானே கஷ்டம்?" என்றார் மனைவியிடம்.

பீவி அதற்கும் வழி வைத்திருந்தாள். ரயில்வே வீடுகளில் காளியம்மா என்று ஒருத்தி இருந்தாள். தண்டவாளம் செப்பனிடும் ஆட்களில் ஒருவரின் மனைவி. கடைக்குக் கீரை கொண்டுவந்து கொடுப்பவள். பீவி அவளை அழைத்து வந்து முன்னால் நிறுத்தினாள். பகலெல்லாம் கடையில் வேலை, தங்குவது காளியம்மா வீட்டில்.

"எங்க வீட்டுல மூணு பொட்டப் புள்ளைங்க கெடக்கு. நாலாவதா இது படுத்துக்கிட்டா பாய் பத்தாதா என்ன?" என்றாள் காளியம்மா.

சாதிக் பாட்சா கையெழுத்துப் போட்டார். கிராணி தன் தாளில் ஒரு பேரை அடித்தார். அடிக்கும்போது, "பெக்கோக்னு அன்னிக்கே சொன்னே" என்று அங்கம்மாவைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் ரயில் புறப்பட்டது. வெள்ளையம்மா ஜன்னலில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வை, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே என்று சொல்லிக்கொண்டே போனாள். சதாசிவம் பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினான். ரயில் மறைந்த பிறகும் அங்கம்மா நகரவில்லை. பீவி ஸ்டேஷனுக்குள் வராமல் வெளியே சாலை ஓரம் காத்திருந்தாள். அழைக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அங்கம்மா வந்ததும், "பசியாறினியா?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கம்மா மூன்று வருடம் அந்தக் கடையில் சமைத்தாள். அவள் வைத்த கருவாட்டுக் குழம்புக்காக லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பீவியும் அவளும் நாளெல்லாம் பேசினார்கள். பேச்சு எண்ணெய்ச் சட்டிச் சத்தத்தையும் மீறி முன்கடைக்குக் கேட்டால், சாதிக் பாட்சா இருமிக் காட்டுவார். முப்பத்துமூன்றில் காளியம்மாவின் கொழுந்தன் சின்னத்தம்பிக்கும் அங்கம்மாவுக்கும் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அவனுக்கும் தண்டவாள வேலைதான். பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் காளியம்மா நின்றாள். சுன்னத்துக்கென்று வாங்கி வெள்ளத்தில் சோறு வடித்த அதே அண்டாவைப் பீவி பளிச்சென்று துலக்கிக் கொடுத்தனுப்பினாள். பந்தியில் வெள்ளை முக்காட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், பாயசம் இன்னும் கொஞ்சம் இனித்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

முசிறியிலிருந்து எப்போதாவது கடிதம் வரும். யாரையோ பிடித்து எழுதச் சொல்லி வெள்ளையம்மா அனுப்புவாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சாதிக் பாட்சா வாசித்துக் காட்டுவார். மழை இல்லை, மச்சான் வீட்டில் மாட்டுக் கொட்டகையைத் தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், குழந்தை நடக்கிறது. நல்லது கெட்டது எதைச் சொன்னாலும் கடைசியில், நீ அங்கே இருப்பது எனக்கு ஆறுதல் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைச் சாதிக் பாட்சா இரண்டு முறை வாசிப்பார்.

முப்பத்துநான்கில் கித்தா மறுபடி தலையெடுத்தது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. லாபிஸ் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு வருகிறோம், இன்ன தேதி ரயிலில் சிகாமட்டைத் தாண்டிப் போவோம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கு அங்கம்மா கடைச் சமையலைத் தொடவில்லை. பீவியும் அவளும் விடியற்காலையிலேயே சோறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளையம்மா குடும்பத்துக்கு என்று தொடங்கியது, ஒரு ரயில்பெட்டி ஆட்களுக்கும் போதும்படி ஆகிவிட்டது.

ரயில் நின்றதும் அங்கம்மா கூடையோடு ஏறினாள். வெள்ளையம்மா மெலிந்து கறுத்திருந்தாள். மடியில் இரண்டாவதாக ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பெரியது ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். முதலில் சதாசிவம்தான் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, "ஒறப்பு நல்லாப் போட்டிருக்கு" என்றான்.

"ஊரு எப்பிடி இருந்துச்சு?" என்று அங்கம்மா கேட்டாள்.

"ஊரா? அங்க எனக்கு மலாயாக்காரின்னு பேரு. கெணத்தடியில அப்பிடித்தான் கூப்புடுவாளுங்க." வெள்ளையம்மா அவள் கழுத்துத் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா வச்சிருக்காரா?"

"நல்லா வச்சிருக்காரு. எல்லாரும் நல்லா வச்சிருக்காங்க. நீ இருன்னு சொன்னதால வந்ததுதான் எல்லாம்."

"நான் மட்டுமா சொன்னேன்?" என்றாள் வெள்ளையம்மா. பிறகு கடைச் செய்தி, காளியம்மா செய்தி, ராஜம்மா போய்ச் சேர்ந்த கதை என்று ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தது. விசில் ஊதியதை இருவருமே கேட்கவில்லை. ரயில் நகர்ந்து, ஸ்டேஷன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பீவி கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் அங்கம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இறங்க முடியாத வேகம் பிடித்திருந்தது.

"அடுத்த வண்டியில வந்துர்றேன்னு எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிடுங்க பீவிம்மா" என்று கத்திவிட்டு, வெள்ளையம்மா மடியிலிருந்த பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, லாபிஸ் வரை வசதியாக உட்கார்ந்தாள்.