மூக்குடைந்து வந்த நாசகாரி

பட்டறைக்குள் இழுத்து வரப்பட்டபோது அந்த நாசகாரிப் போர்க்கப்பலுக்கு வயது பத்தொன்பது. இரண்டு போர்களில் கீறல்கூட வாங்காதது, மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பலோடு முட்டி மூக்குடைந்து வந்திருந்தது. "உடைச்சு இரும்பா வித்துடலாம்" என்றார்கள் சிலர். சரிசெய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

முன்பக்கத்து வெல்டிங் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் ஒருத்தி. அவள் தம்பிக்கு அந்தக் கப்பலின் இயந்திர அறையில்தான் வேலை. மோதிய அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று பம்பை ஓட்டியவன்.

ஆறு மாதத்தில் வேலை முடிந்து பெயிண்டும் அடித்தாயிற்று. கடைசியாக ஒருமுறை கப்பலுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். முன்பக்கத்துப் பழைய தகட்டில் தலைமுடி அளவுக்கு ஓர் ஈரக்கோடு. ஓடிப்போய் மேஸ்திரியிடம் சொன்னாள்.

"பரிசோதனை முடிஞ்சு கையெழுத்தே போட்டாச்சும்மா. கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பாதே."

"பூதம் உள்ளேதான் இருக்கு மேஸ்திரி. நடுக்கடல்ல கிளம்புறதுக்கு இங்கேயே கிளம்பட்டுமே!"

முணுமுணுத்துக்கொண்டே வந்த மேஸ்திரி, கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார். விரிசல் முழங்கை நீளம் ஓடியது. வெட்டித் திறந்தால், தேங்கிய தண்ணீரில் துருவேறி உள்சட்டம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

சட்டத்தை மாற்றி அடைத்து முடிக்க, கப்பல் கிளம்ப ஒன்பது நாள் தாமதம். "யார் வெட்டச் சொன்னது?" என்று எகிறிக் குதித்தார் மேலதிகாரி. அவள் வாய் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்: "நான்தான் சார்."

அடுத்த மழைக்காலத்தில், புயலில் சிக்கிய பயணிகள் படகைக் காப்பாற்ற அந்தக் கப்பலைத்தான் அனுப்பினார்கள். மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலை தம்பி பட்டறைக்குப் போன் செய்தான்.

"அக்கா, இருநூத்திப் பதினாலு பேரையும் கரை சேர்த்துட்டோம். வேற இடமில்லாம குழந்தைங்களை முன்பக்கத்து அறையிலதான் படுக்க வெச்சோம். அலை என்னமா அடிச்சுது தெரியுமா? உள்ளே ஒரு சொட்டு வரலை!"

"சரிடா, சரிடா" என்றாள். போனை வைத்துவிட்டு, வெல்டிங் கையுறையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரி பதறிப்போய், "என்னம்மா ஆச்சு?" என்றார்.

சொன்னாள். மனிதர் அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாசகாரி மேலும் பதினோரு வருடம் கடலில் ஓடியது. அவள் புயலடித்த அந்த வருடமே கப்பல் பரிசோதகர் தேர்வு எழுதித் தேறினாள்.