மச்சான் மாற்றிய குழாய்

பூந்தமல்லியில் வாடகை மோட்டார் ஓட்டுகிறேன். யுத்தத்தினால் ரப்பர் குழாய் கிடைக்காத சமயம். பிரசவ வலி கண்ட மனைவியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகையில், காட்டுப்பாக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து குழாய்களைத் தடவிப் பார்த்தேன். பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும் காற்றுக்குழாய் பிளந்திருந்தது. அதில் சுற்றியிருந்த நீலத் துணி, மனைவியின் அண்ணனுடைய மோட்டாரில் பிளந்த குழாய்க்கு முந்தின வாரம் நானே சுற்றிக்கொடுத்தது. என் நல்ல குழாயை அவன் கழற்றிக்கொண்டு இதை மாட்டியிருக்கிறான். மழைத் துடைப்பானும் காற்றிழுப்பில் ஆடுவதுதான்; அதன் குழாயைப் பிடுங்கி மாட்டி ஓட்டினேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் மச்சானிடம் கேட்டேன்.

“தங்கச்சி இதுல வரும்னு தெரிஞ்சிருந்தா மாத்திகினு போயிருப்பேனா, மாப்ளே?” என்றான்.

வேறொருத்தி வந்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது சவாரிக்கு முன் ஒவ்வொரு குழாயின் இரண்டு நுனியையும் தொட்டுப் பார்க்கிறேன். மச்சானை வண்டியருகே விடுவதில்லை.